பரப்பில் நிகழும் கொடுக்கல் வாங்கல்

நுழையும்முன்

‘வினையில் தான் மாற்றமடையாமல் வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள் வினையூக்கி’ என்று கீழ்வகுப்புகளில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த வரையறையில் உண்மை பாதிதான் உண்டு. மறுபாதியைக் காண மரக்காணத்து உப்பளத்திலிருந்து புறப்படுவோம். குமரிக் கடற்கரையின் மணலைத் தொட்டுச் செல்வோம். ஓர் ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் என்ன செய்கிறது என்பதைக் கண்டறிவோம்.

உப்பு விளையும் பரப்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை நெருங்கும்போது கண்கூசும் வெண்மையைக் காண்பர். சதுரம் சதுரமாகப் பகுக்கப்பட்ட பாத்திகள், அவற்றிடையே மண்வரப்புகள், ஓரங்களில் வாரிக் குவிக்கப்பட்ட உப்புக் குவியல்கள் என அந்நிலம் விரியும். பக்கிங்காம் கால்வாய் தன் தெற்கு முனையை அடைவதும் கழுவேலி ஏரியின் உவர்நீர் கடலைத் தொடுவதும் இப்பகுதியில்தான். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சங்க காலத்து உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிய உப்பு, இத்தகைய நெய்தல் நிலக் கழிகளில் விளைந்ததே.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலும் காற்றும் அதைச் செறிவாக்கும்வரை காத்திருப்பர். நீரின் செறிவு பௌமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது உப்பு படிகமாகத் தொடங்கும். படிகம் விளையும் பாத்தியின் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. இதே நீரை ஆழமான குளத்தில் தேக்கினால் ஆண்டு முழுதும் காத்திருந்தாலும் விளைச்சல் கிட்டாது. நீர் ஆவியாவது அதன் மேற்பரப்பில் மட்டுமே. ஆகவே நீரை மெல்லியதாகப் பரப்பி, அதன் பரப்பைப் பெருக்குகின்றனர். பொருளின் அளவைவிட அதன் பரப்பே வேலை செய்கிறது என்பது உப்பளத் தொழிலாளரின் அன்றாட அறிவு. வேதியியலில் வினையூக்கிகளை நுண்தூளாக்குவதும் இதே காரணத்தால்தான். ஒரு கிராம் நுண்தூளை அதன் துகள் ஒவ்வொன்றின் மேற்பரப்பையும் கூட்டி அளந்தால், அது 50 சதுர மீட்டருக்கு மேலும் இருக்கக்கூடும். ஒரு வகுப்பறையின் தரை அளவு!

மரக்காணத்து உப்பு சமையலறைக்கு மட்டும் உரியதன்று. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரின், சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் கிடைக்கும். மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் இத்தகைய ஆலை ஒன்று இயங்குகிறது. ஒரு டன் தூய உப்பு முழுவதும் வினைப்பட்டால் ஏறத்தாழ 17 கிலோகிராம் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதை, வேதியியல் பாடத்தில் கற்ற மோல் கணக்கைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். நம் கதையின் ஒரு பாத்திரம் இவ்வாறு உப்பிலிருந்து வருகிறது.

கயிற்றில் ஒட்டிய மணல்

மற்றொரு பாத்திரம் மணலிலிருந்து வருகிறது. அதற்கு இதே தமிழ்க் கடற்கரையில் தெற்கு நோக்கி நெடுந்தொலைவு செல்லவேண்டும். 1909ஆம் ஆண்டு, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார் என்பர். அதில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மோனசைட்டு என்னும் கனிமம் இருந்தது. அம்மணலின் பிறப்பிடத்தைத் தேடி வந்தவர், அன்று திருவிதாங்கூருக்குட்பட்டிருந்த மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் தொழிலைத் தொடங்கினார். இன்று அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1950இல் நிறுவப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் அங்கு இப்பணியைத் தொடர்கிறது.

மோனசைட்டில் தோரியத்தோடு அருமண் தனிமங்கள் பலவும் கலந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி சீரியமே. ‘அருமண்’ என்னும் பெயர் இவ்வகையில் சற்றே ஏமாற்றுவது. புவியோட்டில் சீரியத்தின் அளவு செம்பின் அளவோடு ஒப்பிடத்தக்கது. அரிதாக இருப்பது தனிமம் அன்று, அதைத் தன் உறவினரிடமிருந்து பிரித்தெடுக்கும் பொறுமைதான். தோரியம் கதிரியக்கமுடையதாதலால் மோனசைட்டைக் கையாள்வது அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. கடற்கரை மணலை அள்ளுவது குறித்து அங்கு வாழும் மக்களுக்குள்ள அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நாம் ஆய்வகத்தில் காணும் சிறு புட்டி வெண்மஞ்சள் தூளுக்குப் பின்னால் ஒரு கரையும் அதன் மக்களும் இருக்கின்றனர்.

சீரியம் 1803இல் கண்டறியப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் வானில் காணப்பட்ட சீரிஸ் என்னும் சிறுகோளின் பெயரை அதற்கு இட்டனர். முந்தைய தலைமுறையினர் இத்தனிமத்தைத் தம் பெயரறியாமலே பார்த்திருக்கின்றனர். திருமண ஊர்வலங்களில் தலைமேல் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில், எரிந்தபின் எஞ்சும் வெண்சாம்பல் வலைதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அவ்வொரு பங்கு இல்லையேல் அவ்விளக்கு அத்துணை ஒளிவீசாது.

இடம்விட்டுச் செல்லும் ஆக்சிஜன்

உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன. சீரியம் ஆக்சைடின் படிகத்தில் ஒவ்வொரு சீரியம் அயனியையும் எட்டு ஆக்சிஜன் அயனிகள் சூழ்ந்துள்ளன. ஒவ்வோர் ஆக்சிஜனையும் நான்கு சீரியம் அயனிகள் சூழ்ந்துள்ளன. இரண்டும் ஒழுங்கான கட்டடங்களே. ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. பருவம் தப்பிய ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு அயனி அயனியாகப் பிரிந்து கரைந்துபோகும். பல நாள் உழைப்பு ஓர் இரவில் நீராகும். சீரியம் ஆக்சைடோ, தன் ஆக்சிஜன்களில் ஒரு பகுதியை இழந்தபின்னும் கட்டடம் குலையாமல் நிற்கும்.

இதற்குக் காரணம் சீரியத்தின் எலக்ட்ரான் அமைப்பு. சீரியம் ஆக்சைடில் சீரியத்தின் ஆக்சிஜனேற்ற எண் நான்கு. ஓர் ஆக்சிஜன் அணு படிகத்தைவிட்டு வெளியேறும்போது, அயனியாக இருந்தபோது தான் வைத்திருந்த இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது. அருகிலுள்ள இரண்டு சீரியம் அயனிகள் ஆளுக்கொன்றாக அவற்றை ஏற்றுக்கொள்கின்றன; அவற்றின் ஆக்சிஜனேற்ற எண் மூன்றாகிறது. ஆக்சிஜன் இருந்த இடம் காலியாகிறது. இதனை ஆக்சிஜன் வெற்றிடம் என்பர். மும்மின்சுமையுடைய சீரியம் அயனி சற்றுப் பெரியதாதலால் படிகமும் சிறிதளவு விரிவடைகிறது. பின்னர் ஆக்சிஜன் கிடைத்தால், வெற்றிடம் நிரம்பி, எலக்ட்ரான்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய நிலை மீளும். வெண்மஞ்சள் நிறத் தூள் ஆக்சிஜனை இழக்கும்போது நீலம் கலந்த கருநிறம் அடைவதையும், காற்றுப் பட்டதும் மீண்டும் மஞ்சளாவதையும் கண்ணாலேயே காணலாம்.

இப்போது நம் பழைய வரையறைக்கு வருவோம். இத்தூள் மாற்றமடைகிறது, நிறங்கூட மாறுகிறது. வினையில் முழுமையாகப் பங்கேற்கிறது. ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் தன் நிலைக்குத் திரும்புகிறது என்பதே அதன் சிறப்பு. ‘மாற்றமடையாத பொருள்’ என்பதைவிட ‘மாறி மீளும் பொருள்’ என்பதே வினையூக்கிக்குப் பொருந்தும்.

ஹைட்ரஜன் வந்து அமரும்போது

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மிக உறுதியாகப் பிணைந்துள்ளன. ஒரு மோல் ஹைட்ரஜனின் பிணைப்பை முறிக்க 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எனவே சீரியம் ஆக்சைடின்மீது ஹைட்ரஜனைச் செலுத்தினால், அறை வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தோன்றாது. வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்தி, எவ்வளவு ஹைட்ரஜன் செலவாகிறது என அளந்தால் இரண்டு கட்டங்கள் புலப்படும். ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் தூளின் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் வினைப்படுகிறது. உள்ளே புதைந்துள்ள ஆக்சிஜன் அசைந்துகொடுக்க ஏறத்தாழ 800 பாகை தேவைப்படுகிறது. ஒரே பொருளின் வெளியும் உள்ளும் இருவேறு பொருள்கள்போல நடந்துகொள்கின்றன!

மேற்பரப்பில் நிகழ்வதைச் சற்று அணுகிப் பார்ப்போம். ஹைட்ரஜன் மூலக்கூறு பிரிந்து, இரண்டு அணுக்களும் அருகருகே உள்ள இரண்டு ஆக்சிஜன்கள்மீது சென்று அமர்கின்றன. இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உருவாகின்றன. ஹைட்ரஜன் அணுக்களின் எலக்ட்ரான்கள் சீரியத்திடம் சேர்கின்றன. இதுவரை ஆக்சிஜன் எதுவும் வெளியேறவில்லை. வெப்பம் மேலும் கூடினால், இரண்டு ஹைட்ராக்சில்கள் இணைந்து ஒரு நீர் மூலக்கூறாகப் புறப்பட்டுச் செல்லும். ஓர் ஆக்சிஜன் வெற்றிடம் பின்னே நிற்கும். வெப்பம் போதாதபோது ஹைட்ராக்சில்கள் பரப்பிலேயே தங்கும். சில வேளைகளில் ஹைட்ரஜனாகவே திரும்பிச் செல்வதும் உண்டு. ஆகவே ‘ஹைட்ரஜன் செலவாயிற்று’ என்று கருவி காட்டுவதை மட்டும் கொண்டு ‘ஆக்சிஜன் நீங்கிற்று’ என முடிவுகட்டலாகாது. வந்த விருந்தினர் வீட்டில் தங்கினாரா, வீட்டுப் பொருளோடு புறப்பட்டாரா என்பதை வேறு சான்றுகளால் அறியவேண்டும். ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் வாதிட்ட கேள்வி இது.

தெரிந்து தெளிவோம்: வளிமம் ஒன்று திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் தங்குவது பரப்புக்கவர்ச்சி. அது திண்மத்தின் உட்பகுதி முழுதும் பரவுவது உறிஞ்சுதல். நாம் வினையூக்கி என வழங்குவதை உங்கள் வேதியியல் நூல் வினைவேகமாற்றி எனவும் குறிப்பிடும்.

வழிந்தோடும் ஹைட்ரஜன்

சீரியம் ஆக்சைடின்மீது மிகச் சிறிய அளவில் பிளாட்டினம் அல்லது பலேடியத்தைத் தூவிவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. இவ்வுலோகங்களின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதில் இரண்டாகப் பிரியும். பிரிந்த அணுக்கள் உலோகத் துகளிலேயே நிற்பதில்லை. நிரம்பிய குடத்திலிருந்து நீர் வழிந்து சுற்றியுள்ள தரையில் பரவுவதுபோல, உலோகத்திலிருந்து ஆக்சைடின் பரப்புக்கு அவை வழிகின்றன. இந்நிகழ்வுக்கு ‘வழிதல்’ என்றே பெயரிடலாம். 1964இல் டங்ஸ்டன் ஆக்சைடைக் கொண்டு செய்த ஆய்வு இதனை வெளிப்படையாகக் காட்டியது. மஞ்சள் நிற டங்ஸ்டன் ஆக்சைடைத் தனியே ஹைட்ரஜனில் வைத்தபோது அறை வெப்பநிலையில் மாற்றமில்லை. பிளாட்டினம் கலந்த பொருளோடு சேர்த்து வைத்தபோது அது நீலமாயிற்று. ஹைட்ரஜன் அணுக்கள் பிளாட்டினத்திலிருந்து நகர்ந்து வந்தாலன்றி இது நிகழ இயலாது.

சீரியம் ஆக்சைடிலும் அவ்வாறே. தனித்திருக்கையில் 500 பாகை வேண்டியிருந்த மேற்பரப்பு ஒடுக்கம், உலோகம் உடனிருக்கையில் 200 பாகைக்கும் கீழேயே நிகழ்ந்துவிடுகிறது. உலோகம் மூலக்கூறைப் பிரிக்கிறது. ஆக்சைடு அணுக்களை ஏற்றுக்கொள்கிறது, தேவையானபோது ஆக்சிஜனைத் தருகிறது. ஆக்சைடை வெறும் தாங்குபொருள் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. தாங்குவதோடு நில்லாமல் பாதி வேலையையும் செய்யும் பொருளுக்கு அப்பெயர் போதாது.

மறைந்திருந்த ஹைட்ரைடு

ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்கள்மீது அமர்கிறது என்று மேலே கண்டோம். பிரிவதற்கு வேறொரு வழியும் உண்டு. ஓர் அணு எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜன்மீதும், மற்றோர் அணு அந்த எலக்ட்ரானைப் பெற்றுச் சீரியத்தின்மீதும் அமரலாம். சீரியத்தின்மீது அமர்ந்த எதிர்மின் ஹைட்ரஜனே ஹைட்ரைடு. இதனைக் கணக்கீடுகள் முன்மொழிந்தன. நேரில் காண்பதோ கடினமாக இருந்தது. ஹைட்ரஜனிடம் ஒரே எலக்ட்ரான் இருப்பதால் எக்ஸ் கதிர்களுக்கு அது ஏறத்தாழப் புலப்படுவதில்லை. நியூட்ரான்களோ ஹைட்ரஜனின் அணுக்கருவால் வலுவாகச் சிதறடிக்கப்படுகின்றன. 2017இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினர் நியூட்ரான் கற்றையைக் கொண்டு சீரியம் ஆக்சைடில் ஹைட்ரைடு இருப்பதை நேரடியாகக் காட்டினர். அது மேற்பரப்பில் மட்டுமன்றி உட்பகுதியிலும் இருந்தது.

இக்கண்டுபிடிப்பு முன்னரே எழுந்திருந்த ஒரு வியப்போடு தொடர்புடையது. பாலித்தீன் செய்யப் பயன்படும் எத்திலீனில் அசிட்டிலீன் சிறிதளவு கலந்திருந்தாலும், பலபடியாக்க வினையூக்கி பழுதாகும். அந்த அசிட்டிலீனை ஹைட்ரஜனோடு சேர்த்து எத்திலீனாக மாற்றவேண்டும். ஆனால் அதற்குமேல் ஓரடி சென்று ஈத்தேனாக மாற்றிவிடக்கூடாது. இப்பணிக்கு விலையுயர்ந்த பலேடியமே பயன்பட்டுவந்தது. 2012இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள், உலோகம் எதுவுமின்றிச் சீரியம் ஆக்சைடு மட்டுமே இதைச் செய்யும் என்றும், உரிய இடத்தில் நின்றுகொள்ளும் என்றும் காட்டினர். ஆக்சிஜனைத் தருவதற்கே பெயர்பெற்ற பொருள், ஹைட்ரஜனைத் தருவதிலும் திறமை காட்டியது! இவ்வினைக்கு ஆக்சிஜன் வெற்றிடங்கள் துணையா தடையா என்பதில் ஆய்வாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஆக்சிஜன் நிறைந்த பரப்பே சிறந்தது என்பர் ஒரு சாரார். வெற்றிடங்களே ஹைட்ரைடை நிலைநிறுத்துகின்றன என்பர் மற்றொரு சாரார். படிகத்தின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்பதும் விடையை மாற்றுகிறது. உப்புக்கல்லின் ஆறு முகங்களும் ஒரே தன்மையன. சீரியம் ஆக்சைடையோ கனசதுரமாகவும் எண்முகமாகவும் கோலாகவும் வளர்க்கலாம். ஒவ்வொரு வடிவிலும் வெவ்வேறு அடுக்குமுறை கொண்ட முகங்கள் வெளிப்படும். ஒவ்வொன்றும் ஹைட்ரஜனை ஒவ்வொரு விதமாக வரவேற்கும்.

வண்டியிலும் மின்கலத்திலும்

இக்கொடுக்கல் வாங்கலின் பயனை நாம் நாள்தோறும் நுகர்கிறோம். 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. வண்டியின் புகையில் ஆக்சிஜன் மிகும் நொடியில் சீரியம் ஆக்சைடு அதை வாங்கிவைக்கிறது. குறையும் நொடியில் திருப்பித் தருகிறது. நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடு, அந்த ஆக்சிஜனைப் பெற்றுக் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இக்கணக்கு ஓயாமல் நடக்கிறது.

ஹைட்ரஜனைப் பற்றிய எடுத்துக்காட்டு பெங்களூருவில் உள்ளது. இன்வெர்ட்டர்களில் பயன்படும் காரீய அமில மின்கலத்தை அளவுக்குமேல் மின்னேற்றினால், அதிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். இதனால்தான் அவ்வப்போது அதில் வாலைவடிநீர் ஊற்றுகிறோம். நீர் குறைவது சிறு தொல்லை. வெளிவரும் ஹைட்ரஜன் பெருந்தொல்லை. காற்றில் அதன் அளவு நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். மூடிய மின்கலத்துக்குள்ளேயே அவ்விரு வளிமங்களையும் மீண்டும் நீராக்க முடியுமா? இந்திய அறிவியல் நிறுவனத்தின் எம். எஸ். ஹெக்டே, பின்னாளில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றிய ஏ. கே. சுக்லா முதலியோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். சீரியம் உப்பையும் சிறிது பிளாட்டினம் உப்பையும் ஓர் எரிபொருளோடு நீரில் கரைத்துச் சூடேற்றினால், கரைசல் நுரைத்துத் தீப்பற்றிச் சில நிமிடங்களில் நுண்தூளாகும். ஹெக்டே குழுவினர் கையாண்ட எளிய முறை இதுவே. இதில் பிளாட்டினத்தின் ஒரு பகுதி, துகளாக மேலே நில்லாமல் அயனியாகவே சீரியத்தின் இடத்தில் அமர்கிறது என்று அவர்கள் காட்டினர். விலைமிக்க உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் இதனால் வேலைக்கு வருகிறது.

இத்தூள் மின்கலத்தின் மூடிப் பகுதியில் வைக்கப்படுகிறது. கீழிருந்து எழும் ஹைட்ரஜன் அதன்மீது பிரிந்து அமர்கிறது. பரப்பின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிப் புறப்படுகிறது. உடன் எழுந்த ஆக்சிஜன் அவ்வெற்றிடத்தை நிரப்புகிறது. உண்டான நீராவி குளிர்ந்து, துளித்துளியாக மீண்டும் மின்கலத்துக்குள்ளேயே விழுகிறது.

கற்பவை கற்றபின்

ஒரு டன் உப்பிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜனின் நிறையைக் கணக்கிட்டு, கணக்கின் படிகளைத் தமிழிலேயே எழுதி வகுப்பில் விளக்குக.

‘பரப்பு’ என்னும் சொல் இப்பாடத்தில் வரும் இடங்களைத் தொகுத்து, பெயராகவும் வினையாகவும் அச்சொல் ஏற்கும் பொருள்களை எழுதுக.

உப்பளம், மின்கலப் பணிமனை இவற்றுள் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒன்றுக்கு ஆசிரியருடன் சென்று, அங்குப் பணிபுரிவோர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி வருக.